கூப்பாடு அர்த்தனாரி

டிவியில் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் அவன் கூப்பாடு அர்த்தனாரி. வெறும் அர்த்தனாரியாக அவனைத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால், கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர்கள்தான் தேறுவார்கள். அந்தக் கூப்பாடும் அவன் சொத்து அல்ல, அவன் அக்கா பொன்னம்மாளுடையது. தம்பிமார்கள் அக்காவின் பங்கில் எதையெதையோ சுருட்டிக்கொண்டு போவது உண்டு. இவன் அவள் குரலைக் கொண்டுபோனான், அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல்.

கூப்பாடு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் வீடுகள் ஒரு சரிவில் இருக்கின்றன, தோட்டங்கள் எதிரே இருக்கிற குன்றில், எதிர்க்கரட்டில். நடுவே ஓடை. எதிரே நிற்கிற ஆளின் துண்டு என்ன நிறம் என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் அவரிடம் போய்ச் சேர இறங்கி ஏற வேண்டும். செல்போன் டவர் ஊர் மேட்டில் ஒரு கோடு காட்டும், ஓடைப் பக்கம் இறங்கினால் அதுவும் செத்துவிடும். அதனால் வாயைத்தான் நம்ப வேண்டும். சோற்றுக்குக் கூப்பிட ஒரு மாதிரி, மாடு வெள்ளாமையில் புகுந்துவிட்டால் ஒரு மாதிரி. ஆபத்துக்கு என்றால் பேர் எதுவும் சொல்லாமல், நீட்டி எடுத்து இரண்டு இடத்தில் வெட்டுவார்கள். கேட்டவர் திரும்ப ஒரு குரல் கொடுப்பார், மேலே ஏற்றிக் கீழே இறக்கி, ஒரே இழுப்பு. 'கேட்டுவிட்டது, கிளம்பிவிட்டேன், இருந்த இடத்திலேயே இரு' என்று அதற்கு அர்த்தம். குரல் கொடுத்தவர் போயே ஆக வேண்டும். ஒருவர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம், கூப்பிட்டவரும் அங்கேயே உட்கார்ந்துவிடலாம். கல்யாணத்துக்குக் கல்யாணம் சண்டை போட்டுக்கொள்கிற ஊர்தான். ஆனால் பகையாளி கூப்பிட்டாலும் குரல் கொடுத்தவன் போகாமல் இருந்ததாக ஒரு பேச்சு கிடையாது.

அர்த்தனாரியின் அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதி நாள் குடகுப் பக்கம் காபி எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். அக்காதான் ஆக்கிப் போட்டாள், அக்காதான் கூப்பிட்டாள். "அர்த்தூ... ஓ...ய்! சோறு ஆறுதூ...!" அந்த முடிவில் பொன்னம்மாளுக்கு மட்டும் தொண்டை ஒரு விக்கு விக்கும், குரல் இரண்டாக உடைந்து மேலே போகும். யாருடைய கூப்பாடு என்று கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இவன் அதைச் செய்து காட்டினால் வாத்தியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பொன்னம்மாளும் சிரித்தாள், அப்போது.

பிளஸ் டூ முடித்து நாமக்கல்லில் காலேஜில் சேர்ந்தான். படித்தான் என்பதைவிட ஹாஸ்டலைச் சிரிக்க வைத்தான் என்று சொல்வது பொருத்தம். பிறகு அதையும் விட்டுவிட்டு, சேலத்தில் ஜவுளிக்கடைகளுக்காக ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொன்னான். திருவிழாக் கச்சேரிகளில், பாடுகிறவர்கள் தண்ணீர் குடிக்கிற நேரத்தை மிமிக்ரி செய்து ஓட்டினான். எல்லோரும் செய்கிற அதே நடிகர்கள், அதே அரசியல்வாதிகள். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருமுறை ஆத்தூர்ப் பக்கம் ஒரு மேடையில் சரக்கெல்லாம் தீர்ந்துபோய், பாடுகிற பெண் இன்னும் வந்து சேராமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வாயில் அக்கா வந்தாள். சோறு ஆறுது, அந்த விக்கல், எல்லாம். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று கத்தினார்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவன் அல்ல, பயந்தவன். இருட்டுக்கோ பாம்புக்கோ பயப்படமாட்டான். எதிரே இருக்கிறவர்கள் சிரிக்காமல் சும்மா பார்த்தால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த அமைதியை எதைப் போட்டாவது அடைக்காவிட்டால் அவனுக்கு மூச்சு முட்டும். அவனுடைய மொத்த வாழ்க்கையும் இந்தப் பயத்தில் ஓடியதுதான், பாவம்.

சென்னையில் ஒரு டிவி காமெடிப் போட்டியில் அந்தக் கூப்பாட்டைச் செய்தான். ஜெயித்தான். தயாரிப்பாளர் முருகானந்தம் அவனுக்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டாக்கினார், 'கூப்பிடு தூரம்' என்று பெயர். வீட்டுப் பெண்களை வரவழைத்து, அரங்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் நிற்கும் புருஷனைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். யார் கூப்பாடு நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குக் குக்கர், மிக்ஸி. ஒவ்வொன்றுக்கும் அர்த்தனாரி பதில் குரல் கொடுப்பான். ஆமாம், அதையும் கொண்டுபோயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் ஊராக அதைப் பார்த்தார்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டீக்கடைக்காரர் கூப்பாடு போட்டு வரவேற்றார். அவனுக்குக் கார் வந்தது, கழுத்தில் செயின் வந்தது.

மலைக்கும் அந்த நிகழ்ச்சி வந்தது. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வழியெல்லாம் விக்கிக்கொண்டு போயின. வியூ பாயிண்டுக்கு வருகிற டூரிஸ்ட்டுகள் பள்ளத்தைப் பார்த்துச் 'சோறு ஆறுது' என்று கத்தி, செல்போனில் பிடித்துக்கொண்டு போனார்கள். பொன்னம்மாள் தன் புருஷன் சின்னுசாமியைச் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு பக்கத்திலிருந்தும் அவள் குரலே திரும்பி வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடை இறங்கி ஏறினாள்.

அம்மனுக்குக் கிடா வெட்டுக்கு அர்த்தனாரி ஊருக்கு வந்தபோது அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கண்ணு, என்னைய எப்படி வேணாலும் பேசிக் காட்டு. என் நடையக் காட்டு, மூக்கச் சிந்தறதக் காட்டு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். கூப்பாட்ட மட்டும் உட்ரு சாமி."

"அதுலதாங்க்கா சோறே திங்கறேன்."

"தெரியும். ஆனா இப்பக் கூப்புட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. நாளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?"

அவன் சரி என்றான். மனதாரத்தான் சொன்னான். சென்னைக்குப் போய் அடுத்த படப்பிடிப்பில் மாமியாரைக் காட்டினான், கண்டக்டரைக் காட்டினான், வியர்க்க வியர்க்கக் குட்டிக்கரணம் போட்டான். அரங்கம் சும்மா பார்த்தது. "என்ன தம்பி, கடையில முக்கியமான சரக்கையே காணோம்?" என்றார் முருகானந்தம். பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள், கூப்பாடு, கூப்பாடு என்று. அவன் தாக்குப்பிடித்தது கொஞ்ச நேரம்தான்.

போன தை மாதம் ஊரில் பொங்கல் விளையாட்டு விழா. மாதேஸ்வரன் என்கிற இளைஞர் மன்றத் தலைவன் போன் மேல் போன் போட்டு, "அண்ணா, நீங்க வந்தாத்தானுங்க நம்மூருக்கே மரியாதை" என்று அவனை வரவழைத்தான். அர்த்தனாரி காலையில் வந்து அக்கா வீட்டில் பொங்கலும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டான். சின்னுசாமி சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர். மச்சினன் நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

"விழாவுக்கு வரலீங்களா மாமா?"

"மொளகு பழுத்துக் கெடக்குது மாப்ள. உட்டா குருவி தின்னுபோடும்."

மிளகு ஒரு சாக்குதான். பொன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அவளுக்கு அந்த மேடைக்கு எதிரே, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து தன் குரலுக்கு ஜனங்கள் சிரிப்பதைக் கேட்கத் தெம்பு இல்லை.

"இன்னிக்கு அதப் பண்ணமாட்டேங்க்கா. நம்மூருல பண்ணுவனா?" என்றான் அர்த்தனாரி.

"செரி கண்ணு," என்றாள் அவள். புருஷனும் பெண்டாட்டியும் எதிர்க்கரட்டுக்குப் போனார்கள். ஊர் மொத்தமும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனது. தோட்டங்களில் வேறு ஒரு ஆள் கிடையாது.

மைதானத்தில் உறியடி, சாக்கு ஓட்டம், பெண்களுக்குக் கோலம். மதியத்துக்கு மேல் அர்த்தனாரியை மேடை ஏற்றினார்கள். ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக வாரினான், அவர்களும் சந்தோஷமாக வாரப்பட்டார்கள். ஆனால் எதற்காக உட்கார்ந்திருந்தார்களோ அது வரவில்லை. மெல்ல மெல்லச் சிரிப்பு வடிந்தது. எல்லோரும் சும்மா பார்த்தார்கள். அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது. மாதேஸ்வரன் கீழே நின்று, "அண்ணா, ஒரே ஒரு தடவைங்க" என்று விரலைக் காட்டினான். அக்கா இங்கே இல்லையே என்று அர்த்தனாரி தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். மைக்கை வாய்க்கருகே கொண்டுபோய்க் கூப்பாட்டைப் போட்டான். மைதானம் அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எதிர்க்கரட்டிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது. நீளமாக எடுத்து, இரண்டு இடத்தில் வெட்டி, முடிவில் விக்கியது.

கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தது. செல்போன்கள் உயர்ந்தன. அர்த்தனாரிக்குக் குரல் தெரிந்துவிட்டது. அக்காதான், வேறு யாருக்கும் அந்த விக்கல் வராது. அக்கா கோபம் தணிந்துவிட்டாள் என்று நினைத்தான் அவன். மைக்கில் தன் கூப்பாட்டைக் கேட்டுவிட்டு, 'அடேய், அசல் இங்கே இருக்குது' என்று அங்கிருந்து தன்னை வாருகிறாள் என்று நினைத்தான். இத்தனை வருஷத்து மனஸ்தாபமும் போய்விட்டது என்று அவனுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வெட்டு இரண்டு இருந்ததை அவன் காது வாங்கவே செய்தது, ஆனால் அதையும் அவள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். வருஷக் கணக்காக அவனே அதை அப்படித்தானே விற்றிருந்தான்.

"எதிர்க்கரட்டுல நமக்கு ஒரு ரசிகை இருக்காங்க பாருங்க!" என்றான்.

கூப்பாடு மறுபடியும் வந்தது. அவன் மைக்கைப் பிடித்து, மேலே ஏற்றிக் கீழே இறக்கி, பதில் குரல் கொடுத்தான். இதுவரை எந்த மேடையிலும் அவ்வளவு நன்றாகக் கொடுத்ததில்லை, ஸ்பீக்கரில் அது பள்ளம் முழுக்கப் போய் மோதியது. ஸ்பீக்கரில் பேசுகிற பேச்சு அந்தப் பள்ளத்தில் குழம்பிப்போகும், நீட்டி எடுக்கிற குரல் மட்டும்தான் எதிரே தெளிவாகப் போய்ச் சேரும்.

எதிரே கூப்பாடு நின்றுவிட்டது.

"குரல் குடுத்ததும் அடங்கிட்டாங்க பாருங்க!" என்றான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அப்புறம் கயிறு இழுக்கிற போட்டி நடந்தது. பரிசு கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், எல்லோரும் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வெயில் சாயும்போது, 'நல்லா வாரிவுட்டியேக்கா' என்று சொல்வதற்காகச் சிரித்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனான். கதவு சங்கிலி போட்டிருந்தது. வாசலில் நின்று எதிரே பார்த்தான். மரத்தில் சாத்தியிருக்க வேண்டிய மூங்கில் ஏணி தரையில் கிடந்தது. பக்கத்தில் அக்காவின் பச்சைச் சேலை தெரிந்தது, அது அசையவில்லை. அவன் சால்வையோடு ஓடினான். ஓடை இறக்கத்தில் பாறை வழுக்கி விழுந்து இரண்டு முட்டியும் பெயர்ந்துவிட்டது. எழுந்து ஓடினான்.

சின்னுசாமி மல்லாந்து கிடந்தார். தலை பொன்னம்மாள் மடியில். மூச்சு இருந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் மிளகு சிதறியிருந்தது. அர்த்தனாரியைப் பார்த்ததும் பொன்னம்மாள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை யாரும் பார்க்கக் கூடாது.

"வந்துட்டியா கண்ணு. ஏணி சறுக்கி மேலருந்து உழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லீன்னாரு. நெனவோட இருக்கறப்பவே மைதானத்துக்கு ஓடியாந்தரலாம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள நீ குரல் குடுத்துட்ட. தம்பி கெளம்பிட்டான், பொறுத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டேன்." அவள் அவன் முட்டியைப் பார்த்தாள், ரத்தம் கணுக்கால்வரை வழிந்திருந்தது. "வர்ற வழியில உழுந்துட்டியா? அதான் இத்தன நேரமா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. அர்த்தனாரி எழுந்து நின்று, ஊரைப் பார்த்து, ஆபத்துக் கூப்பாட்டைப் போட்டான். தன் சொந்தக் குரலில், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி. பிறகு ஊர்ச்சரிவிலிருந்து விசில் வந்தது, கைதட்டல் வந்தது. "ஒன்ஸ் மோர்!" என்று யாரோ கத்தினார்கள். அவன் மறுபடி கூப்பிட்டான். விக்கி விக்கி நாலைந்து பேர் அதைத் திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள். "நெசமாத்தானுங்க! நெசமாத்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் அக்காவையும் மாமாவையும் அங்கேயே விட்டுவிட்டு, இறங்கி ஏறிப் போய், மாதேஸ்வரனின் சட்டையைப் பிடித்து உலுக்கித்தான் ஆள் கூட்டிவர முடிந்தது. போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்து காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோகும் வழியில், கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் சின்னுசாமி போய்விட்டார். கார் அதற்கப்புறமும் சும்மாவே கொஞ்ச தூரம் இறங்கியது.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் பொன்னம்மாள் சொன்னாள். "எந்தம்பி மேல ஒரு குத்தமில்லீங்க. கூப்புட்டதும் குரல் குடுத்தான். ஓடியாந்தவன் ஓடையில உழுந்துட்டான். முட்டியப் பாருங்க, தோலே இல்ல." கேட்டவர்கள் முட்டியைப் பார்த்தார்கள். "ஆமாங்க, பாவம்," என்றார்கள். மாதேஸ்வரன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அர்த்தனாரி காயம்பட்ட காலோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்குச் சொல்லிவிடலாம், காரியம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டான்.

வீடியோ அதற்குள் வெளியே போய்விட்டது. அவன் மேடையில் குரல் கொடுப்பதும், எதிர்க்கரட்டுக் கூப்பாடும், 'அடங்கிட்டாங்க பாருங்க' என்பதும். மலையே பதில் சொல்லுது என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள், கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக நின்றன. அவன் முருகானந்தத்துக்குப் போன் போட்டு அழுதான். சேனலின் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கினார்கள். அங்கே எடுத்தால் பத்து இடத்தில் முளைத்தது. எழுதிக் கேட்டான், கெஞ்சினான், அது ஒரு மனுஷி புருஷனுக்காகக் கூப்பிட்ட கூப்பாடு என்று வீடியோ போட்டான். சோகமான முகத்தோடு அவன் பேசுவதைப் பார்த்து, இது புது ஐட்டமா என்று கேட்டார்கள். நிகழ்ச்சிக்கு அவன் போகவில்லை. வேறு ஒரு பையன் நடத்துகிறான் இப்போது, கூப்பாட்டை இவனைவிட நன்றாகவே போடுகிறானாம்.

அர்த்தனாரி அக்கா வீட்டோடு இருந்துவிட்டான். மிளகை அவனே பறித்தான், கிழங்குக் காட்டுக்குக் களை வெட்டினான். சித்திரையில் ஒரு நாள் பொன்னம்மாள் ரேஷன் வாங்கச் செம்மேட்டுக்குப் பஸ்ஸில் போனாள். முன் சீட்டில் டூரிஸ்ட் பெண்கள். ஒருத்தி செல்போனில் எதையோ வைத்துச் சிரித்தாள். பொன்னம்மாள் தன் குரலை எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறாள். இது வேறு வாய் அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "கண்ணு, அத எனக்கு ஒருக்கா காட்டுறியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் நல்ல பெண், முதலிலிருந்து போட்டுக் காட்டியது.

ரேஷன் வாங்காமலே திரும்பி வந்தாள். அர்த்தனாரி வாசலில் மிளகுக்கொடிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். காலிப் பையை அவன் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கயிறு கையிலிருந்து விழுந்தது.

"அப்ப நீ கெளம்பவே இல்லியா கண்ணு?"

"இல்லீங்க்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வாசலில் நின்றபடியே ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள், ஒவ்வொரு வீடாக. எல்லா வீட்டுக்காரர்களும் அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள்.

"எல்லாருத்துக்கிட்டயும் சொன்னனே," என்றாள். "ஓடியாந்தான், ஓடையில உழுந்துட்டான்னு துக்கத்துக்கு வந்தவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் சொன்னனே. அத்தன பேரும் ஆமாங்க, ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டாங்களே."